உள்நோக்கி நகர்ந்த வேலி: அமெரிக்க உயர்கல்வியில் கறுப்பினத்தவர் நடத்திய சட்டப் போராட்டம் (1935 – 1950)

முன்னுரை

கல்வி நிலையம் ஒன்றில் இடம் பெறுவது வேறு. அக்கல்வி நிலையம் வழங்கும் கல்வியை முழுமையாகப் பெறுவது வேறு. சேர்க்கைப் பதிவேட்டில் ஒருவரின் பெயர் ஏறிவிட்டால் அவருக்குரிய நீதி கிடைத்துவிட்டது எனக் கருதும் போக்கு பரவலாக உள்ளது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மாநிலங்களிலும் அவற்றை ஒட்டிய எல்லை மாநிலங்களிலும் கறுப்பின மாணவர்கள் உயர்கல்வியில் பெற்ற பட்டறிவு, இக்கருத்தை மறு ஆய்வு செய்யத் தூண்டுகின்றது.

அமெரிக்கப் பள்ளிகளில் இனப்பிரிப்பு சட்டத்திற்குப் புறம்பானது என 1954ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் பிரவுன் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்வி வரலாற்று நூல்கள் பலவும் இத்தீர்ப்பையே தொடக்கமாகக் கொள்கின்றன. எனினும், அத்தீர்ப்புக்கான அடித்தளம் அதற்கு முந்திய பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பல்கலைக்கழகங்களைக் களமாகக் கொண்ட வழக்குகளிலேயே இடப்பட்டது. 

இக்கட்டுரை 1935 முதல் 1950 வரை நடைபெற்ற ஐந்து வழக்குகளை வரிசைப்படுத்தி ஆராய்கின்றது. கறுப்பினத்தவரை விலக்கிய வேலி முதலில் மாநில எல்லையிலும், பின்னர்க் கட்டடச் சுவரிலும், இறுதியில் வகுப்பறைக்கு உள்ளேயும் நின்றது. வேலி இவ்வாறு உள்நோக்கி நகர நகர, 'பல்கலைக்கழகக் கல்வி என்பது யாது?' என்னும் வினாவுக்கு நீதிமன்றமே விடை கூற வேண்டியதாயிற்று என்பதே இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்தாகும்.

வரலாற்றுப் பின்னணி

அடிமை முறை நிலவிய காலத்தில், தென்மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்தறிவு புகட்டுவதே குற்றமாக இருந்தது. தென் கரோலைனாவில் 1740ஆம் ஆண்டிலேயே இத்தகைய சட்டம் இயற்றப்பட்டது. வடமாநிலங்களில் நிலைமை சற்று வேறுபட்டிருந்தது. 1823ஆம் ஆண்டில் வெர்மாண்ட் மாநிலத்து மிடில்பெரி கல்லூரியில் அலெக்சாண்டர் டுவைலைட் என்பவர் இளங்கலைப் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் இப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவராக இவர் அறியப்படுகின்றார். ஒஹாயோ மாநிலத்து ஓபர்லின் கல்லூரி 1835ஆம் ஆண்டு முதல் கறுப்பின மாணவர்களை ஏற்றுக்கொண்டது. 1862ஆம் ஆண்டில் மேரி ஜேன் பேட்டர்சன் அங்குப் பட்டம் பெற்றார்.

உள்நாட்டுப் போர் 1865ஆம் ஆண்டில் முடிவுற்ற பின்னர், கறுப்பினத்தவருக்கான கல்லூரிகள் தென்மாநிலங்களில் விரைந்து தோன்றின. 1865இல் அட்லாண்டா பல்கலைக்கழகமும், 1866இல் பிஸ்க் பல்கலைக்கழகமும், 1867இல் தலைநகர் வாஷிங்டனில் ஹாவர்ட் பல்கலைக்கழகமும் நிறுவப்பட்டன. 1868ஆம் ஆண்டின் பதினான்காவது அரசியலமைப்புத் திருத்தம், சட்டத்தின் சமப் பாதுகாப்பை எவருக்கும் மறுத்தலாகாது என மாநிலங்களுக்கு விதித்தது.

ஆயின், இவ்வுறுதி நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1896ஆம் ஆண்டு பிளெஸ்ஸி வழக்கில், புகைவண்டிப் பெட்டிகளை இனவாரியாகப் பிரிப்பது முறையே என உச்ச நீதிமன்றம் கூறியது. 'தனித்தனியே எனினும் சமம்' என்னும் கோட்பாடு அவ்வழக்கின் விளைவாகும். 1904ஆம் ஆண்டில் கெண்டக்கி மாநிலம் இரு இனத்தாரும் ஒருங்கே பயிலுவதைத் தடை செய்தது. அத்தடை, இரு இனத்தாரையும் ஒன்றாகப் பயிற்றிவந்த பெரியா கல்லூரியைத் தாக்கியது. 1908இல் உச்ச நீதிமன்றம் அத்தடையையும் ஏற்றுக்கொண்டது. ஆகவே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'தனித்தனியே' என்பது தவறாது நடைமுறையில் இருந்தது; 'சமம்' என்பதோ எழுத்தளவில் மட்டுமே இருந்தது.

ஹூஸ்டனும் ஹாவர்ட் சட்டப் பள்ளியும்

இம்முரண்பாட்டையே போராட்டக் கருவியாக மாற்றியவர் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் ஆவார். ஹார்வர்ட் சட்டப் பள்ளியில் பயின்ற இவர், அப்பள்ளியின் புகழ்பெற்ற சட்ட இதழின் ஆசிரியர் குழுவில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர். 1929ஆம் ஆண்டில் ஹாவர்ட் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியின் துணைத் தலைவராகப் பொறுப்பேற்றார். மாலை நேர வகுப்புகளை நடத்திவந்த அப்பள்ளியை அவர் முழுநேரப் பள்ளியாக மாற்றினார், பாடத்திட்டத்தைக் கடுமையாக்கினார், குடியுரிமை வழக்குகளை நடத்தவல்ல வழக்கறிஞர் தலைமுறை ஒன்றை உருவாக்கினார். அவருடைய மாணவருள் தலைசிறந்தவர் தர்குட் மார்ஷல். பால்டிமோர் நகரத்தவரான மார்ஷல், தம் சொந்த மாநிலமான மேரிலாந்தின் சட்டப் பள்ளி கறுப்பினத்தவரை ஏற்காமையால் வாஷிங்டனுக்குச் சென்று பயின்று, 1933ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார்.

தொடக்கப் பள்ளிகளை விடுத்து முதுநிலைக் கல்வியையும் தொழிற்கல்வியையும் இவர்கள் முதற்களமாகத் தேர்ந்தமைக்குத் தக்க காரணம் உண்டு. தொடக்கப் பள்ளிகளைப் பொறுத்தவரை, கறுப்பினத்தவருக்கெனத் தாழ்ந்த தரத்திலேனும் பள்ளிகள் இருந்தன. அவை சமமானவையா என்பதை ஊர்தோறும் மெய்ப்பிக்க வேண்டியிருக்கும். சட்டம், மருத்துவம், முனைவர் பட்டப் படிப்பு ஆகியவற்றிலோ பெரும்பாலான தென்மாநிலங்கள் கறுப்பினத்தவருக்கென எதனையும் நிறுவவில்லை. எதுவுமே இல்லாத இடத்தில் 'சமம்' என வாதிடல் இயலாது. மேலும், ஒவ்வொரு துறைக்கும் தரமான தனி நிறுவனத்தை அமைக்க முற்பட்டால் அதன் செலவை மாநிலங்கள் தாங்க மாட்டா என்பதும் ஹூஸ்டனின் கணிப்பாகும்.

இக்கணிப்பு முதலில் மேரிலாந்தில் பலித்தது. ஆம்ஹர்ஸ்ட் கல்லூரிப் பட்டதாரியான டொனால்டு மரே என்பவருக்காக ஹூஸ்டனும் மார்ஷலும் வழக்குத் தொடுத்தனர். எந்தப் பள்ளியில் மார்ஷலால் பயில இயலவில்லையோ அதே பள்ளி மரேயைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமென 1935ஆம் ஆண்டில் நீதிமன்றம் ஆணையிட்டது. 1936இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிப்படுத்தியது.

முதல் வேலி: மாநில எல்லை

மேரிலாந்துத் தீர்ப்பு அம்மாநிலத்தை மட்டுமே கட்டுப்படுத்தியது. ஏனைய மாநிலங்கள் வேறொரு வழியைக் கையாண்டன. கறுப்பின மாணவர் மேற்படிப்பை விரும்பினால், வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் பயில்வதற்கான கட்டணத்தைத் தாமே செலுத்துவதாக அவை கூறின. தம் குடிமகன் ஒருவரைத் தம் எல்லைக்கு அப்பால் அனுப்பிவிடுவதே இதன் உட்பொருளாகும்.

மிசூரி மாநிலத்து லிங்கன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற லாய்ட் கெயின்ஸ் இவ்வழியை ஏற்க மறுத்தார். மிசூரிப் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியிலேயே தமக்கு இடம் வேண்டுமென அவர் வழக்காடினார். 1938ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. வெள்ளையருக்கு மாநிலத்திற்குள் சட்டக் கல்வி வழங்கும் அரசு, கறுப்பினத்தவருக்கும் அதனை மாநிலத்திற்குள்ளேயே வழங்கக் கடமைப்பட்டது. அக்கடமையை அண்டை மாநிலத்தின் மீது சுமத்துதல் இயலாது என்பது தீர்ப்பின் சாரம்.

மிசூரி அரசு கெயின்ஸைத் தன் பல்கலைக்கழகத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. மாறாக, செயிண்ட் லூயிஸ் நகரில் முன்னர் அழகுக்கலைப் பயிற்சிக் கல்லூரியாக விளங்கிய கட்டடத்தில், லிங்கன் பல்கலைக்கழகத்தின் பெயரால் புதிய சட்டப் பள்ளி ஒன்றை 1939ஆம் ஆண்டில் திறந்தது. அப்பள்ளி சமமானதா என வழக்காட வேண்டிய கெயின்ஸோ, அதே ஆண்டு மார்ச் மாதத்தில் சிகாகோ நகரில் தாம் தங்கியிருந்த இடத்தினின்று வெளியே சென்றவர் திரும்பவில்லை. அவருக்கு நேர்ந்தது யாது என்பது இன்றளவும் துலங்கவில்லை. வழக்கு அத்துடன் நின்றுபோயிற்று. 2006ஆம் ஆண்டில் மிசூரிப் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு சட்டப் பட்டம் வழங்கியது. வழக்கின் பெயரில் ஒரு வரியாக எஞ்சும் இத்தகைய மாணவர்கள் ஒவ்வொருவரும் தம் இளமையை ஈடாக வைத்தே வாதாடினர் என்பதை ஈண்டு மறத்தலாகாது.

இரண்டாம் வேலி: கட்டடச் சுவர்

கெயின்ஸ் தீர்ப்புக்குப் பின்னர் மாநில எல்லை என்னும் வேலி செல்லாததாயிற்று. எனவே, மாநிலத்திற்குள்ளேயே தனிக் கட்டடம் என்பது அடுத்த வேலியாயிற்று. இதன் இயல்பை ஓக்லஹோமா, டெக்சஸ் ஆகிய இரு மாநிலங்களின் நிகழ்வுகள் தெளிவுறுத்துகின்றன.

ஓக்லஹோமாவில், லாங்ஸ்டன் பல்கலைக்கழகப் பட்டதாரியான ஏடா லோயிஸ் சிப்புவெல், 1946ஆம் ஆண்டு ஜனவரியில் மாநிலப் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளிக்கு விண்ணப்பித்தார். வழக்குத் தொடுக்குமாறு முதலில் கேட்கப்பட்டவர் அவருடைய தமையனார். போரில் பணியாற்றித் திரும்பிய அவர், தம் படிப்பு மேலும் காலந்தாழ்வதை விரும்பவில்லை. ஆதலின் தங்கை முன்வந்தார். பல்கலைக்கழகத் தலைவர் ஜார்ஜ் கிராஸ், மாநிலச் சட்டத்திற்குக் கட்டுப்பட்டு விண்ணப்பத்தை மறுத்தார். ஆயினும் தகுதியில் குறையேதும் இல்லை, இனமே மறுப்புக்குக் காரணம் என எழுத்து மூலம் தெரிவித்தார். அம்மடலே வழக்குக்கு வழி திறந்தது. மறுப்பவரும் உண்மையை மறைக்காது எழுதிய ஒரு கடிதம் நீதிக்குத் துணைபுரிந்தமை குறிப்பிடத்தக்கது.

1948ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், வாதங்களைக் கேட்ட சில நாள்களிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. வெள்ளை மாணவருக்கு எப்பொழுது கல்வி வழங்கப்படுகின்றதோ அப்பொழுதே சிப்புவெலுக்கும் அது வழங்கப்பட வேண்டும் எனத் தீர்ப்புக் கூறியது. ஓக்லஹோமா அரசு உடனடியாக மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தின் சில அறைகளில் லாங்ஸ்டன் சட்டப் பள்ளி என ஒன்றை நிறுவியது. சிப்புவெல் அதனுள் அடியெடுத்து வைக்க மறுத்தார். 1949ஆம் ஆண்டு கோடைப் பருவத்தில்தான் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியில் அவருக்கு இடம் கிடைத்தது.

டெக்சஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் நகர அஞ்சல் ஊழியரான ஹெமன் மேரியன் சுவெட் 1946ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆஸ்டினிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளிக்கு விண்ணப்பித்தார். தனிப் பள்ளி அமைக்க அரசுக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. 1947ஆம் ஆண்டில் ஆஸ்டின் நகரில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் அப்பள்ளி தொடங்கப்பட்டது. அதற்கெனத் தனி ஆசிரியர்களோ முறையான நூலகமோ அப்பொழுது இல்லை. சுவெட் அங்குச் சேரவில்லை. பின்னர் அப்பள்ளி, ஹூஸ்டன் நகரில் கறுப்பினத்தவருக்கென அமைக்கப்பட்ட மாநிலப் பல்கலைக்கழகத்தின் பகுதியாயிற்று.

வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தபொழுது இரு பள்ளிகளின் நிலையும் எண்களால் ஒப்பிடப்பட்டது. டெக்சஸ் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியில் 16 முழுநேரப் பேராசிரியர்களும் 3 பகுதிநேரப் பேராசிரியர்களும் 850 மாணவர்களும் 65,000 நூல்களும் இருந்தன. கறுப்பினத்தவருக்கான பள்ளியில் 5 முழுநேரப் பேராசிரியர்களும் 23 மாணவர்களும் 16,500 நூல்களும் இருந்தன. இவ்வேறுபாடு ஒன்றே தீர்ப்புக்குப் போதுமானது. ஆயினும் நீதிமன்றம் அத்துடன் நிற்கவில்லை. ஆசிரியரின் புகழ், முன்னாள் மாணவரின் செல்வாக்கு, மரபு, சமுதாயத்தில் அப்பள்ளிக்குள்ள மதிப்பு ஆகிய எண்ணி அளக்க இயலாத பண்புகளே ஒரு சட்டப் பள்ளியின் பெருமைக்குக் காரணம் என அது சுட்டியது. மேலும், மாநில மக்கள்தொகையில் 85 விழுக்காட்டினராக உள்ள இனத்தாரை முற்றாக விலக்கிய ஒரு பள்ளியில் சட்டம் பயில்பவர், பின்னாளில் அவர்களுடனேயே வழக்குமன்றத்தில் வாதாட வேண்டியவர் என்பதையும் எடுத்துக்காட்டியது. நூலும் கட்டடமும் பெருகினாலும் இக்குறை நீங்காது என்பதே இதன் பொருள்.

மூன்றாம் வேலி: வகுப்பறைக்கு உள்ளே

இவ்வழக்குகளுள் ஆசிரியர்கள் ஆழ்ந்து நோக்கத்தக்கது ஜார்ஜ் மெக்லாரின் வழக்காகும். முதுகலைப் பட்டம் பெற்று, லாங்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற மெக்லாரின், கல்வியியலில் முனைவர் பட்டம் பெற விரும்பி ஓக்லஹோமாப் பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பித்தார். இரு இனத்தாரையும் ஒருங்கே பயிற்றுவித்தால் நிருவாகியையும் ஆசிரியரையும் மாணவரையும் குற்றவாளியாக்கும் சட்டம் அம்மாநிலத்தில் அப்பொழுது நடைமுறையில் இருந்தது. நீதிமன்றத் தீர்ப்பின் பயனாக 1948ஆம் ஆண்டில் அவருக்கு இடம் கிடைத்தது. மாநிலச் சட்டமன்றம் பின்னர்ச் சட்டத்தைத் திருத்தியது. கறுப்பின மாணவர் வெள்ளையர் பயிலும் பல்கலைக்கழகத்தில் சேரலாம். ஆனால் அவர்களுக்கான கற்பித்தல் பிரித்தே நடைபெற வேண்டும் என அத்திருத்தம் விதித்தது.

ஒரே வகுப்பில் ஒரே பேராசிரியரிடம் பயில்பவரை எவ்வாறு பிரிப்பது? பல்கலைக்கழகம் கண்ட வழி இதுவாகும். மெக்லாரினின் மேசை வகுப்பறையினுள் இடப்படாமல், அதனை ஒட்டிய சிற்றறையில் இடப்பட்டது. திறந்த வாயிலின் வழியே அவர் பேராசிரியரைக் கேட்கவும் கரும்பலகையைக் காணவும் வேண்டியிருந்தது. நூலகத்தில் அவருக்கென இடைத்தளத்தில் ஒரு மேசை ஒதுக்கப்பட்டது. பொது வாசிப்பறையின் மேசைகளை அவர் பயன்படுத்துதல் கூடாது. உணவகத்தில் தனி மேசையில், பிறர் உண்ணாத நேரத்தில் உண்ண வேண்டும். அவர் சிற்றறையில் தனித்து அமர்ந்திருப்பதையும் வாயிலுக்கு அப்பால் வெள்ளை மாணவர் அமர்ந்திருப்பதையும் ஒருங்கே காட்டும் 1948ஆம் ஆண்டு நிழற்படம், இனப்பிரிப்பு வரலாற்றின் முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாகும்.

வழக்கு மேல்முறையீட்டில் இருக்கையில் இவ்விதிகள் சற்றுத் தளர்த்தப்பட்டன. மேசை வகுப்பறைக்குள் வந்தது. ஆனால் அதனைச் சுற்றி ஒரு கைப்பிடித் தடுப்பும், 'கறுப்பினத்தவருக்கு ஒதுக்கப்பட்டது' என்னும் பொருள்பட்ட அறிவிப்பும் வைக்கப்பட்டன. பின்னர்த் தடுப்பு நீக்கப்பட்டு, கறுப்பின மாணவருக்கெனக் குறித்த வரிசையில் அவர் அமர்த்தப்பட்டார். நூலகத்தில் முதன்மைத் தளத்திற்கு வந்தார். குறித்த மேசை மாறவில்லை. உணவகத்தில் பிறருடன் ஒரே நேரத்தில் உண்ண முடிந்தது. தனி மேசை மாறவில்லை. சட்டப் பள்ளியில் சிப்புவெலும் இதே காலத்தில் வகுப்பின் பின்புறம் தனி நாற்காலியில் அமர்த்தப்பட்டார்.

அரசுத் தரப்பின் வாதம் எளிமையானது. அதே பேராசிரியர், அதே பாடம், அதே நூல்கள், அதே பட்டம். மெக்லாரினுக்கு இழப்பு யாது? 1896ஆம் ஆண்டின் கோட்பாட்டை அளவுகோலாகக் கொண்டால் இவ்வினாவுக்கு விடை கூறுதல் அரிது. அளந்து காட்டத்தக்க குறை எதுவும் எஞ்சவில்லை.

1950ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், சுவெட் வழக்கில் தீர்ப்பளித்த அன்றே, நீதிபதிகள் அனைவரும் ஒருமித்து மெக்லாரின் வழக்கிலும் தீர்ப்பளித்தனர். தலைமை நீதிபதி வின்சன் எழுதிய அத்தீர்ப்பு, இக்கட்டுப்பாடுகள் மெக்லாரின் படிப்பதற்கும், உடன்பயில்வோருடன் கலந்துரையாடுவதற்கும், கருத்துப் பரிமாறுவதற்கும், தம் தொழிலைக் கற்பதற்கும் தடையாக உள்ளன என்றது. அதாவது, கேட்பது மட்டும் கல்வியாகாது. வினவுவதும், மறுப்பதும், பிறர் கருத்தால் தம் கருத்தைத் திருத்திக்கொள்வதும் கல்வியின் கூறுகளே என நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

தீர்ப்பின் இரு கூறுகள் தனிக் கவனத்திற்குரியன. முதலாவது, மெக்லாரின் பிறருக்குக் கல்வி புகட்டவிருப்பவர். அவர் பெறும் கல்வி குறைபட்டால் அவரிடம் பயில்வோரின் கல்வியும் குறைபடும் எனத் தீர்ப்புச் சுட்டியது. ஆசிரியர் ஒருவருக்கு இழைக்கப்படும் அநீதி அவருடன் முடிவதில்லை. அடுத்த தலைமுறைக்கும் அது கடத்தப்படுகின்றது. இரண்டாவது, தடைகள் நீங்கினாலும் உடன்பயிலும் மாணவர்கள் அவருடன் பழக மறுக்கலாமே என்னும் வாதத்திற்கு நீதிமன்றம் அளித்த விடையாகும். தனிமனிதர் விரும்பிப் பழகாதிருத்தல் வேறு. அரசே தடை விதித்துப் பழகவிடாது செய்தல் வேறு என அது வேறுபடுத்தியது. சட்டத்தால் நட்பை உண்டாக்க இயலாது. நட்புக்குக் குறுக்கே நிற்கும் தடையை நீக்க இயலும். சட்டத்தின் ஆற்றலையும் எல்லையையும் ஒருங்கே உணர்த்தும் கருத்தாக இதனைக் கொள்ளலாம்.

இத்தீர்ப்புகளைக் காண ஹூஸ்டன் உயிருடன் இல்லை. அதே ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள், ஆறு வாரங்களுக்கு முன்னர், அவர் காலமானார்.

கறுப்பினக் கல்லூரிகளின் பங்கு

இவ்வழக்குகளைக் காண்போர், கறுப்பினத்தவரின் கல்லூரிகள் அனைத்தும் தாழ்ந்தவை எனப் பொருள் கொள்ளக்கூடும். அவ்வாறு கொள்வது பிழையாகும். கெயின்ஸ் லிங்கன் பல்கலைக்கழகத்தவர். சிப்புவெல் லாங்ஸ்டன் பல்கலைக்கழகத்தவர். மெக்லாரின் அங்குப் பணியாற்றியவர். வழக்குகளை முன்னின்று நடத்திய மார்ஷலை உருவாக்கியதும் ஹாவர்ட் சட்டப் பள்ளியே ஆகும். ஒரு சமூகம் தன் முயற்சியால் வளர்த்தெடுத்த கல்வி நிலையமும், வழக்குக்கு அஞ்சி ஒரு சில நாள்களில் அரசு ஒதுக்கித் தந்த அறைகளும் ஒன்றாகா. முன்னது இல்லாதிருந்தால் பின்னதை எதிர்த்து வாதாட ஆள் இருந்திருக்க மாட்டார். 1964ஆம் ஆண்டுக்கு முன்னர்க் கறுப்பினத்தவருக்கென நிறுவப்பட்ட இத்தகைய கல்வி நிலையங்களுள் ஏறத்தாழ நூறு இன்றும் இயங்குகின்றன. அனைத்து இனத்தாரையும் ஏற்றுக்கொள்கின்றன.

தீர்ப்புக்குப் பின்

நான்கு ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்த பிரவுன் தீர்ப்பு, சுவெட், மெக்லாரின் தீர்ப்புகளை வெளிப்படையாகவே ஆதாரமாகக் கொண்டது. அளக்க இயலாத பண்புகள் பல்கலைக்கழகத்திற்கு உண்டெனில், பள்ளிச் சிறாருக்கு அவை இன்னும் மிகுதியாகப் பொருந்தும் என அது கருதியது.

எனினும், தீர்ப்புக்கும் வாழ்க்கைக்கும் இடையிலான தொலைவு பெரிதாகவே இருந்தது. 1950ஆம் ஆண்டு செப்டம்பரில் சட்டப் பள்ளியில் சேர்ந்த சுவெட், உடல்நலக் குறைவும் நெருக்கடிகளும் சூழ 1952இல் படிப்பைக் கைவிட்டார். பின்னர் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் சமூகப் பணித் துறையில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1956ஆம் ஆண்டு பிப்ரவரியில் அலபாமாப் பல்கலைக்கழகத்தில் நுழைந்த ஆதரீன் லூசி, கும்பலின் வன்முறையை அடுத்து, அவருடைய பாதுகாப்பு என்னும் பெயரால் இடைநீக்கமும் பின்னர் நீக்கமும் செய்யப்பட்டார். அந்நீக்கம் 1988இல் திரும்பப் பெறப்பட்டது. 1992இல் அதே பல்கலைக்கழகத்தில் அவர் முதுகலைப் பட்டம் பெற்றார். 1962ஆம் ஆண்டில் ஜேம்ஸ் மெரிடித் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபொழுது மூண்ட கலவரத்தில் இருவர் உயிரிழந்தனர். சிப்புவெலின் வரலாறு சற்று ஆறுதல் தருவது. அவர் சட்டப் படிப்பை நிறைவு செய்தார். தம்மை ஒருகாலத்தில் மறுத்த பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழுவில் 1992ஆம் ஆண்டில் உறுப்பினராக நியமிக்கப்பட்டார்.

சேர்க்கையில் இனத்தைக் கருத்திற் கொள்ளலாமா என்னும் வினா அதன் பின்னரும் தொடர்ந்தது. 1978, 2003 ஆகிய ஆண்டுகளில் வரம்புக்குட்பட்டு அதற்கு இசைவு தந்த உச்ச நீதிமன்றம், 2023ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் ஹார்வர்ட், வட கரோலைனா பல்கலைக்கழகங்கள் தொடர்பான வழக்குகளில் அம்முறையை ஏற்க மறுத்தது. பெரும்பான்மை நீதிபதிகளும் அவர்களோடு மாறுபட்ட நீதிபதிகளும் பிரவுன் தீர்ப்பையே தத்தம் கருத்துக்குத் துணையாகக் கொண்டனர். ஒரே வரலாறு இரு வேறு வகையில் பொருள் கொள்ளப்படுவதற்கு இது சான்றாகும்.

முடிவுரை

1935 முதல் 1950 வரையிலான வழக்குகள், உயர்கல்வியில் விலக்கு என்பது வெவ்வேறு வடிவங்கள் எடுப்பதைக் காட்டுகின்றன. மாநில எல்லையில் நின்ற வேலியைக் கெயின்ஸ் வழக்கும், கட்டடச் சுவராக நின்றதைச் சிப்புவெல், சுவெட் வழக்குகளும், வகுப்பறைக்குள் நின்றதை மெக்லாரின் வழக்கும் அகற்றின. ஒவ்வொரு முறையும் அரசு கூடுதலாக ஒன்றை வழங்கியது. ஒவ்வொரு முறையும் ஒன்றை விடாது தன்னிடமே நிறுத்திக்கொண்டது. கட்டணம் தந்து ஊரை மறுத்தது. கட்டடம் தந்து பல்கலைக்கழகத்தை மறுத்தது. இருக்கை தந்து தோழமையை மறுத்தது.

இவ்வரலாறு ஆசிரியருக்கு உணர்த்தும் செய்தி தெளிவானது. சேர்க்கை எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் ஒரு கல்வி நிலையத்தின் நேர்மையை அளத்தல் போதாது. உள்ளே வந்த மாணவர் வினா எழுப்ப இடமுண்டா, அவர் கருத்து செவிமடுக்கப்படுகின்றதா, குழுப்பணியில் அவரை உடன் சேர்த்துக்கொள்கின்றார்களா என்பவற்றையும் காணுதல் வேண்டும். சட்டம் தடுப்பை எடுத்துவிட்டது. அதற்குப் பின் மெக்லாரினைப் போன்ற மாணவருக்கு வகுப்பறை உண்மையான வகுப்பறையாக அமைவது, நாள்தோறும் அங்குப் பாடம் நடத்தும் ஆசிரியரின் கையிலும் அருகில் அமர்ந்திருப்போரின் கையிலுமே உள்ளது.